‘பாவம், எங்கட பெடியள்’ என்பது விமர்சனமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலர் தமது சொந்தப் பணத்தில் எடுத்து, அண்மையில் நகரத் திரையரங்கு ஒன்றில் காண்பித்த முழுநீளத் திரைப்படம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் அடுத்தடுத்து இரண்டு வாசகர் கடிதங்கள் வெளிவந்திருந்தன. முதலாவது கடிதத்தை எழுதியவர், படம் ஓடிக்கொண்டிருக்கையில் சிரித்தும் கதைத்தும் இடைநடுவில் எழுந்து சென்றும் நடந்துகொண்ட பார்வையாளர்களைக் கடிந்து, யாழ்ப்பாணத்தவருக்கு நல்ல சினிமாவைப் பார்க்கும் பக்குவம் இன்னும் வரவில்லை என்று தீர்ப்பெழுதியிருந்தார். இரண்டாவது கடிதத்தை எழுதியவர், குறைகளைப் பெரிதுபடுத்தாமல் எமது மண்ணின் கலைஞர்களுக்கு எல்லோரும் ஆதரவு வழங்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தப் படத்தை இரண்டு தடவைகள், இரண்டு இடங்களில், ஒன்றோடொன்று சிறிதும் ஒவ்வாத இரண்டு கூட்டங்களின் நடுவே இருந்து பார்த்தவன் என்ற வகையில், இவ்விரு கடிதங்களோடும் எனக்கு உடன்பாடில்லை என்பதையும், இரண்டாவதோடுதான் கூடுதலாக உடன்பாடில்லை என்பதையும் தெரிவிக்க விரும்புகின்றேன்.

படத்தின் பெயரையோ எடுத்தவர்களின் பெயர்களையோ நான் இங்கே குறிப்பிடவில்லை. பார்த்தவர்களுக்கு எந்தப் படம் என்பது விளங்கும். பாராதவர்களுக்கு இக்கடிதம் விளம்பரமாக அமைந்துவிடக் கூடாது. ஆயினும் கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லாவிட்டால் பார்வையாளர்கள் எதற்குச் சிரித்தார்கள், எதற்கு வாதாடினார்கள் என்பது புரியாது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் காணி, இரண்டு தசாப்தங்களுக்கும் மேலாக இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து, பின்னர் விடுவிக்கப்படுகின்றது. வீடு இல்லை, வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை. தூர்ந்துபோன ஒரு கிணறு மட்டும் எஞ்சியிருக்கின்றது, அதை வைத்துத்தான் காணி எது என்பதையே அடையாளம் காண வேண்டியிருக்கின்றது. அந்தக் கிணற்றில் தமக்கைக்குப் பாதிப் பங்கு, தம்பிக்குப் பாதிப் பங்கு. கனடாவிலிருந்து வந்திருக்கும் தமக்கை தன் பங்கை வெளியார் ஒருவருக்கு விற்றுவிட்டுப் போக நினைக்கின்றாள். ஊரிலேயே இருந்துவிட்ட தம்பி, கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கித் தோட்டம் செய்ய நினைக்கின்றான். கதை இவ்வளவுதான். 96 நிமிடங்களில் ஒரு வெடிச்சத்தம்கூடக் கேட்பதில்லை.

முதலில் நகரத்துக் காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியப் படங்கள் மாலைக் காட்சிகளையும் இரவுக் காட்சிகளையும் பிடித்துக்கொண்டிருப்பதால் உள்ளூர்ப் படங்களுக்குக் கிடைப்பது வழமையாக ஞாயிறு காலை 10.30 மணிதான், இதற்கும் அதுவே கிடைத்திருந்தது. ரிக்கற்றுகளைப் படக்குழுவினரே கையால் விற்றிருந்தார்கள். ஆகவே வந்திருந்தவர்களுள் பெரும்பாலானோர் நடித்தவர்களின் உறவினர்கள், படித்த பாடசாலையின் நண்பர்கள், ரிக்கற்றை மறுக்க முடியாமல் வாங்கியவர்கள் (நானும் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவன், எனது பழைய மாணவன் ஒருவன் ஒலிப்பதிவில் உதவியிருந்தான்). படம் தொடங்குவதற்கு முன்பு மங்கல விளக்கேற்றல், ஆசியுரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை போர்த்தல் என்று ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் சென்றுவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து சென்றவர்களைக் குறை கூறிய முதலாவது கடிதக்காரர் இந்த ஒரு மணித்தியாலத்தைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, அந்தச் சிரிப்பு. படத்தின் நடுப்பகுதியில், கிணற்றை வோட்டர் பம்ப் போட்டு இறைத்து முடித்த பின்னர், அடியில் சேறு தெரிய, தமக்கையும் தம்பியும் கிணற்றுக் கட்டின் இரு பக்கங்களிலும் அமர்ந்திருக்கின்றார்கள். நெடுநேரம் இருவரும் எதுவும் பேசுவதில்லை. அவள் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்க்கின்றாள். அவன், “அவசரப்படாதை அக்கா, தண்ணி ஊறட்டும்” என்கின்றான். இந்த இடத்தில் அரங்கின் பின்வரிசைகளிலிருந்து சிரிப்பு எழுந்தது. அது முன்வரிசைகளுக்கும் பரவியது. படத்தின் உயிர் இருக்கும் இடம் அது என்பதால் முதலாவது கடிதக்காரருக்கு ஏற்பட்ட கோபத்தை நான் விளங்கிக்கொள்கின்றேன். எனக்கும் அந்தக் கணத்தில் கோபம் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பின்னர் ஆறுதலாக யோசித்துப் பார்க்கையில், அதைப் பக்குவமின்மை என்று ஒரே சொல்லில் ஒதுக்க என்னால் முடியவில்லை.

எமது பேச்சுத்தமிழை நாம் எங்கே, எதற்காகக் கேட்டுப் பழகியிருக்கின்றோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நாடக எழுத்தாளர் சானாவின் ‘லண்டன் கந்தையா’ போன்ற வானொலி நாடகங்களிலிருந்து, வானொலியில் பெற்ற புகழைக் கொண்டு 1976 இல் திரைக்கு வந்த ‘கோமாளிகள்’ வரையில், யாழ்ப்பாணத்துப் பேச்சு ஒலிபெருக்கியில் வந்ததென்றால் அது பெரும்பாலும் எம்மைச் சிரிக்க வைப்பதற்காகவே வந்தது. கடலுக்கு அப்பாலும் அதுவே நடந்தது; 2000 ஆம் ஆண்டில் வெளியான ‘தெனாலி’யில் ஈழத்துத் தமிழ் பேசும் கதாநாயகன் எல்லாவற்றுக்கும் பயப்படுகின்ற நகைச்சுவைப் பாத்திரம். மறுபுறத்தில், காதலும் கோபமும் சாவும் பெரிய திரையில் எமக்குப் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழிலேயே வந்திருக்கின்றன. “என்னை விட்டுட்டுப் போகாதே” என்று ஒருத்தி திரையில் அழுதால் எமது கண்களும் கலங்கும். “என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ” என்று அவளே அழுதால் பக்கத்து வீட்டுச் சண்டையை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்ததுபோல ஒரு கூச்சம் வருகின்றது. கூச்சம் வந்த மனிதன் சிரிப்பான். நகரத்து அரங்கில் நான் கேட்டது பெருமளவுக்கு அந்தக் கூச்சத்தின் சிரிப்பு என்றே நினைக்கின்றேன்.

இந்தக் கூச்சத்துக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. 1962 இல் ‘சமுதாயம்’ என்ற படத்தோடு தொடங்கிய இலங்கைத் தமிழ்ப் படங்களின் வரிசை, இந்தியப் படங்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த எழுபதுகளில் கொஞ்சம் செழித்து, 1978 இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ வரும் அளவுக்கு வளர்ந்திருந்தது. 1983 யூலை வன்செயல்களில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிந்தது. பல படப்பிரதிகளும் அந்த நாட்களில் அழிந்தன. அதன் பின்னர் தொண்ணூறுகளின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலி கேட்டோம். ஜெனறேற்றருக்கு மண்ணெண்ணெய் சேர்த்து, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று இந்தியப் படங்களைப் பார்த்தோம். எமது முகங்களைப் பெரிய திரையில் பார்க்கும் பழக்கம் இப்படியாக ஒரு தலைமுறைக்கு அறவே இல்லாமற் போனது. பழக்கம் அறுந்துபோன ஒரு கூட்டம் முதல் நாளிலேயே மௌனமாக இருந்து பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம்?

மேலும், அன்று கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அலட்சியத்தால் கதைக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, திரையில் பேசியது விளங்காமல் “என்னவாம், என்னவாம்” என்று தன் மகளைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். உரையாடல் உண்மையிலேயே விளங்கவில்லை. ஒலிக்கலவை செய்த இளைஞரிடம் பின்னர் விசாரித்தபோது அவர் ஒளிவுமறைவின்றி விளக்கினார். திரையரங்கில் உரையாடல் திரைக்குப் பின்னாலுள்ள நடு ஒலிபெருக்கியிலிருந்து வர வேண்டுமாம். இவர்களோ வீட்டில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, இடம் வலம் என்று இரண்டு தடங்களில் மட்டும் கலவை செய்திருக்கின்றார்கள். அதை அப்படியே பெரிய அரங்கில் போட்டதும், பம்ப் இரைச்சல் ஒருபுறமும் உரையாடல் சுவர்களில் பட்டுத் தெறித்து மறுபுறமுமாகிவிட்டது. முன்கூட்டியே ஒரு தடவை அரங்கில் ஓட்டிப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். அதற்குத் தனியாக வாடகை கட்ட வேண்டும், அந்தக் காசு அவர்களிடம் இருக்கவில்லை. விளக்கேற்றலுக்கும் பொன்னாடைகளுக்கும் செலவழித்த காசு அந்த ஒத்திகைக்குப் போதுமாயிருந்திருக்கும் என்பது என் கணிப்பு. அதை அவரிடம் சொன்னேன், அவர் சிரித்தார்.

இனி, எனக்கு உண்மையில் மனவருத்தம் தந்த பகுதிக்கு வருகின்றேன். படம் முடிந்த பின்னர் ஒலிவாங்கியைப் பார்வையாளர்களிடம் கொடுத்தார்கள். ஏழெட்டுப் பேர் கருத்துக் கூறினார்கள். அவர்களுள் ஒருவர்கூடப் படத்தின் ஒரு காட்சியையாவது குறிப்பிட்டுப் பேசவில்லை. “கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் வீடியோ எடுத்துச் சேர்த்த காசில இப்பிடி ஒண்டைச் செய்திருக்கினம், பாவம் எங்கட பெடியள்” என்றார் ஒருவர். “இந்தியாக்காரன்ரை காசிலை நூறிலை ஒரு பங்கு இருந்தாலும் இவை எங்கையோ போயிருப்பினம்” என்றார் இன்னொருவர். “குறை நிறை பாக்காமல் நாங்கள்தான் கைகுடுக்க வேணும்” என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் கைதட்டினார்கள். நெறியாளரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு எழுந்தபோது வாடாத அந்த முகம் இந்தப் பாராட்டுகளைக் கேட்கக் கேட்க வாடிப்போனது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தவன். ஒரு மாணவனின் விடைத்தாளைப் படிக்காமலே, வீட்டு நிலைமையைக் கேட்டு இரங்கிப் புள்ளி போடும் ஆசிரியரை மாணவர்கள் நல்லவர் என்பார்கள், ஆனால் அவர் போட்ட புள்ளியை ஒருபோதும் நம்பமாட்டார்கள். அன்று அரங்கில் நடந்தது அதுதான். ஒரு நடுத்தரக் கலியாண வீட்டுச் செலவிலும் குறைந்த தொகையில் எடுத்தார்கள் என்பது எடுத்தவர்களின் சிரமத்தைப் பற்றிய செய்தி. படத்தைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. பணம் இல்லாமையால் ஏற்படும் குறைகள் உண்டு, மேலே சொன்ன ஒலிக்குறை அப்படிப்பட்டது. பணத்தோடு சம்பந்தமேயில்லாத குறைகளும் உண்டு. தம்பியாக நடித்தவர் கோபம் வரும் இடங்களிலெல்லாம் மேடை நாடகத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுவதுபோலப் பேசுகின்றார். காணி உறுதி எழுதும் நொத்தாரிசின் வீட்டுக் காட்சி மூன்று தடவைகள் வருகின்றது. ஒரு தடவை போதும். சோகமான இடம் வந்துவிட்டது என்று அறிவிப்பதற்காக வயலின் வாசிக்கப்படுகின்றது. இவற்றைத் திருத்த ஒரு சதமும் தேவையில்லை, யாராவது வாய் திறந்து சொன்னால் போதும். ‘பாவம்’ என்ற சொல்லைப் போட்டு மூடிவிட்டால் யார் சொல்வது? அதைவிடக் கவலையான விடயம், அந்தச் சொல் நிறைகளையும் சேர்த்தே மூடிவிடுகின்றது. இறைத்த கிணற்றின் ஓரத்தில் இருவரும் அமர்ந்திருக்கும் அந்தக் காட்சி, எந்த நாட்டில் எவ்வளவு செலவில் எடுத்திருந்தாலும் நல்ல காட்சி. அதை ஒருவரும் சொல்லவில்லை.

போரைப் பற்றிப் படத்தில் ஒன்றுமே இல்லையே என்ற குறையும் அன்று கேட்டது; வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் கருத்துக் கூறியவர்களும் அதையே கூடுதலாகச் சொன்னதாக அறிந்தேன். எல்லைக்கல் காணாமற்போன ஒரு காணியில் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, இது உன்னுடையதா என்னுடையதா என்று தேடுவதைப் பார்த்த பின்னரும் போர் எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது?

இந்த இடத்தில் என்னைப் பற்றிய ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். 1977 இல் தர்மசேன பத்திராஜாவின் இயக்கத்தில், காவலூர் இராசதுரையின் எழுத்தில் ‘பொன்மணி’ வெளிவந்தபோது நான் இளைஞன். எமது ஊர்களில், எமது வீடுகளில் எடுத்த படம் என்று கேள்விப்பட்டு நண்பர்கள் நால்வர் சைக்கிளில் போனோம். சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்தை எப்படி அழுத்துகின்றன என்று அந்தப் படம் ஆறுதலாக, அவசரமில்லாமல் காட்டிக்கொண்டிருந்தது. எமக்குப் பொறுக்கவில்லை. சண்டை இல்லை, பாட்டுக்கு ஆட்டம் இல்லை. கமெரா ஒரு வீட்டின் விறாந்தையைப் பார்த்துக்கொண்டே நிற்கின்றது. நாங்கள் சத்தமாகப் பகிடி விட்டோம். இடைவேளையோடு எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்பினோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அதே படத்தை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் முழுமையாகப் பார்த்தபோது, நான் பிறந்து வளர்ந்து இன்று இல்லாமற் போய்விட்ட ஓர் யாழ்ப்பாணம் அதற்குள் அப்படியே இருந்தது. இன்று ஈழத்துத் தமிழ்ச் சினிமா பற்றிப் பேசுபவர்கள் எவரும் அந்தப் படத்தைத் தவிர்த்துவிட்டுப் பேசுவதில்லை. அன்று பகிடி விட்ட நான்கு பேரில் ஒருவனான எனக்கு, இன்று பின்வரிசையில் இருந்து சிரித்த பெடியளைப் பக்குவமற்றவர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி இரண்டாவது காட்சி. நகரத்துக் காட்சிக்கு மூன்று வாரங்களின் பின்னர், மீள்குடியேறிய ஒரு கிராமத்தின் வாசிகசாலை முற்றத்தில் படத்தைக் காட்டினார்கள். ஒலிப்பதிவில் உதவிய என் மாணவனே என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். தனியார் கல்வி நிலையமொன்றிலிருந்து இரவல் வாங்கிய புரொஜெக்டர், இரண்டு கம்பங்களுக்கு இடையில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி, கோயில் திருவிழாவுக்குக் கட்டும் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள். விளக்கேற்றல் இல்லை. பெண்கள் பாய்களோடு வந்திருந்தார்கள். ஆண்கள் பெரும்பாலும் மதிலோரத்தில் நின்றார்கள். பிள்ளைகளுக்குக் கச்சான் சரை போய்க்கொண்டிருந்தது. இரண்டு தடங்களில் செய்த அந்தக் கலவை, இரண்டு பெட்டிகளில் கேட்கும்போது சொல்லுக்குச் சொல் தெளிவாக விளங்கியது.

அந்தக் கூட்டம் படம் முடியும் வரையில் ஒரு நிமிடம்கூட வாய் மூடி இருக்கவில்லை. முதலாவது கடிதக்காரர் அங்கே இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். தமக்கை தன் பங்கை வெளியாருக்கு எழுதப் போகின்றாள் என்பது தெரிந்தவுடனேயே மதிலோரத்தில் வழக்குத் தொடங்கிவிட்டது. “பங்காளியைக் கேளாமல் வெளியாளுக்கு எப்பிடி விக்கிறது? தேசவழமையிலை இடமில்லை” என்றார் ஒருவர். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்தர் தொகுத்து, ஆங்கிலேயர் 1806 இல் ஏற்றுக்கொண்ட அந்தச் சட்டத்தின்படி, பங்காளிக்கு முதலில் அறிவித்து அவருக்கு வாங்க விருப்பமா என்று கேட்க வேண்டும் என்பது அவருக்கு எந்தச் சட்டத்தரணியும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. “அவன் வாங்கிறதுக்கு அவனிட்டைக் காசு எங்கை? பிறகு அவள் சும்மா விட்டிட்டுப் போறதே?” என்று பாயில் இருந்த ஒரு பெண் திருப்பிக் கேட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், தமக்கை முப்பது வருடமாகப் பனிக்குள் வேலை செய்து அனுப்பிய காசு எங்கே போனதென்று முதலில் தம்பி சொல்லட்டும் என்றார். படத்தில் அப்படி ஒரு காசு அனுப்பிய கதையே இல்லை. அந்தப் பெண் தன் வீட்டுக் கணக்கைக் கொண்டுவந்து இந்தக் குடும்பத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தத் தம்பியை அவர் கடைசி வரை மன்னிக்கவேயில்லை.

பிழைகளையும் அவர்கள் விடவில்லை. அவர்கள் கண்ட பிழைகளில் ஒன்றைக்கூட நகரத்து அரங்கில் எவரும் காணவில்லை, நானும் காணவில்லை. இரண்டு வருடம் பழையது என்று சொல்லப்படும் கிடுகு வேலி நேற்று அடைத்ததுபோல இருக்கின்றது என்றார் ஒரு பெண். பழைய கிணற்றுக்குள் இறங்குபவன் முதலில் ஒரு விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்காமல் இறங்குகின்றான், அவனுக்கு உயிரில் ஆசையில்லையா என்றார் இன்னொருவர். எல்லாவற்றிலும் பெரியதை, எண்பது வயது இருக்கக்கூடிய ஒரு முதியவர் கண்டுபிடித்தார். மழை பெய்யும் ஒரு காட்சியில் தம்பி, “ஐப்பசி மழை, இனிக் கிணறு நிறைஞ்சிடும்” என்கின்றான். அவனுக்குப் பின்னால் பக்கத்துத் தோட்டத்தில் புகையிலை நெஞ்சளவு உயரத்தில் நிற்கின்றது. “ஐப்பசியிலை எங்கை ஐயா இந்த உயரத்திலை போயிலை நிக்கும்? இது மாசியிலை எடுத்தது. மழையும் பம்ப் மழை” என்று முதியவர் சத்தமாகவே சொன்னார். அவர் சொன்னது முழுவதும் சரி. மாரி மழை ஓய்ந்துவரும் காலத்தில் நட்டுப் பங்குனி சித்திரையில் வெட்டும் பயிர் அது. புவியியல் படிப்பித்த எனக்கு, வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத இந்தக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் மாரி மழை எப்படி இறங்கிக் கிணற்றில் ஊறுகின்றது என்று கரும்பலகையில் படம் போடத் தெரியும். திரையின் ஓரத்தில் நின்ற புகையிலை கண்ணில் படவில்லை.

பின்னர் அந்தக் காட்சி வந்தது. கிணறு இறைத்தாயிற்று, இருவரும் கிணற்றுக் கட்டின் மேல் இருக்கின்றார்கள், பேச்சில்லை. அதுவரை வாதாடிக்கொண்டிருந்த முற்றம் தானாகவே அடங்கியது. பிள்ளைகளின் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. தமக்கை நேரத்தைப் பார்த்தாள். “அவசரப்படாதை அக்கா, தண்ணி ஊறட்டும்” என்று தம்பி சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் பாயில் இருந்த ஒரு கிழவி, திரையைப் பார்த்தபடியே, அந்தத் தம்பிக்கு மறுமொழி சொல்வதுபோல, “ஓம், ஊறட்டும்” என்றார்.

கிராமத்தவர் உயர்ந்தவர், நகரத்தவர் தாழ்ந்தவர் என்று சொல்ல நான் வரவில்லை. அதே கிராமத்தவரை ஞாயிறு காலையில் குளிரூட்டிய அரங்கொன்றில் கொண்டுபோய் இருத்தி, ஒரு மணித்தியாலம் உரைகளைக் கேட்கவைத்து, விளங்காத ஒலியில் படத்தைக் காட்டினால் அவர்களும் சிரித்திருக்கக் கூடும், எழுந்தும் போயிருப்பார்கள். கிணற்றுப் பங்கு பற்றிய படம் என்றபடியால் அந்த முற்றத்தில் எல்லோருமே அதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள் என்பதும் உண்மை. நகரத்து வாடகை வீடொன்றில் நடக்கும் கதையாக இருந்தால் நிலைமை மாறியிருக்கலாம். ஆனால் அங்கே ஒருவரும் ‘பாவம்’ என்று சொல்லவில்லை. எவ்வளவு செலவில் எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. படம் முடிந்ததும் பிளேன்ரீ கொடுத்தார்கள், நெறியாளரைச் சுற்றி நின்று கேள்விகளைத்தான் கேட்டார்கள். அந்தக் காணி கடைசியில் யாருக்குப் போனது என்பதை ஏன் காட்டவில்லை என்று சண்டைக்கே நின்றார்கள். அவர் நள்ளிரவு வரையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நகரத்தில் வாடிப்போயிருந்த அந்த முகத்தை அன்று நான் வேறுவிதமாகப் பார்த்தேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உள்ளூர்ப் படமொன்று வெளியாகும்போது தங்கள் பத்திரிகை உட்பட எமது பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வருவது ஒரு படமும் நான்கு வரிச் செய்தியுமே: சிறப்புக் காட்சி இடம்பெற்றது, பிரதம விருந்தினராக இன்னார் கலந்து சிறப்பித்தார், பெருந்திரளானோர் பங்கேற்றனர். அதிலும் படத்தில் காணப்படுவது குத்துவிளக்கும் விருந்தினர்களுமேயன்றித் திரைப்படத்தின் ஒரு காட்சி அன்று. இந்த நான்கு வரிகளுக்குப் பதிலாக, படத்தை முழுமையாக இருந்து பார்த்த ஒருவரைக் கொண்டு, நடிப்பு எப்படி, உரையாடல் எப்படி, எந்த இடத்தில் படம் தொய்கின்றது, எந்த இடத்தில் நிமிர்கின்றது என்று அரைப்பக்கம் எழுதுவிக்கலாம். எழுதுபவர் கடுமையாக எழுதினாலும் பரவாயில்லை. படக்குழுவினருக்கு மனம் நோகுமே என்று தயங்க வேண்டாம். நான் அறிந்தவரையில் அவர்களுக்கு மனம் நொந்தது வேறு விதமாகத்தான். நகரத்து அரங்குகளை நடத்துபவர்கள், உள்ளூர்ப் படம் ஒன்றுக்கு முதல் நாள் இரவு கடைசிக் காட்சி முடிந்த பின்னர் அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்க்க இடம் கொடுத்தால் ஒலியைப் பற்றிய முறைப்பாடுகளில் பாதி குறைந்துவிடும் என்பதையும் இத்தருணத்தில் தெரிவித்துக்கொள்கின்றேன்.

இக்கடிதத்தை எழுதத் தொடங்கிய பின்னர் நெறியாளர் என்னோடு தொலைபேசியில் கதைத்தார். நொத்தாரிசு வீட்டுக் காட்சிகளில் ஒன்றை வெட்டிவிட்டதாகவும், புகையிலையை இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதால் ஒலித்தடத்திலிருந்து ‘ஐப்பசி’ என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டதாகவும் கூறினார். சென்ற வாரம் அந்தப் பக்கம் போகக் கிடைத்தபோது வாசிகசாலையில் அந்த முதியவரைக் கண்டு விடயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அது நல்லம். அப்ப மாசியிலை பெய்த மழைக்கு என்ன செய்யப் போகினமாம்?” என்று கேட்டார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கோண்டாவில்.